ஒத்தை மூங்கில் ஏணி: சேர்வராயன் மலையில் ஒரு நல்வாழ்வுக் கணக்கெடுப்பு

பின்னணி

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களை ஒட்டிய ஐந்து சிற்றூர்களில் நாங்கள் நடத்திய கணக்கெடுப்பின் பதிவு இது. சேலத்துக் கல்லூரி ஒன்றும் கோஸ்டா ரிகாவின் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து எடுத்துக்கொண்ட வேலை. இரண்டு நாட்டிலும் காப்பி விளையும் மலை ஊர்களுக்குப் போய், மக்கள் தங்கள் வாழ்க்கையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஒரே கேள்வித்தாளை வைத்துக் கேட்டு ஒப்பிடுவது என்பதே திட்டம். சேலம் பக்கத்துக் களப்பணி என் பொறுப்பு. ஆட்கள், ஊர்கள், நிறுவனங்கள் எதன் பெயரையும் இங்கே எழுதவில்லை. எங்களுக்கு ஏற்பட்ட தவறுகள் இதே மாதிரி வேலைக்கு இறங்கும் மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கோஸ்டா ரிகாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கையில் 147 நாடுகளில் அது 6ஆம் இடம். இந்தியா 118ஆம் இடம். 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட சின்ன நாடு அது. அதைவிடப் பணக்கார நாடுகள் பல இந்தப் பட்டியலில் அதற்குக் கீழே நிற்கின்றன. அங்கேயும் மலைச்சரிவில் காப்பி, இங்கேயும் மலைச்சரிவில் காப்பி. ஒப்பிட வசதியாக இருக்கும் என்று இரு தரப்பும் நினைத்தோம்.

மார்ச் 20ஆம் தேதியையொட்டி இந்த அறிக்கை வரும்போதெல்லாம் நம் ஊரில் ஒரு சண்டை நடக்கும். “எதையெதையோ கூட்டிக் கழித்து நம்மைக் கீழே போட்டுவிட்டார்கள்” என்பார்கள். உண்மையில் அங்கே கூட்டல் கழித்தல் பெரிதாக ஒன்றுமில்லை. வருமானம், ஆயுள், சுதந்திரம், ஊழல் என்று அறிக்கையில் வரும் ஆறு காரணிகள் மதிப்பெண்ணை விளக்குவதற்காகச் சேர்க்கப்பட்டவை. மதிப்பெண்ணோ ஒரே ஒரு கேள்வியின் பதில். 1960களில் ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த கேள்வி அது. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள்; உச்சிப் படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப் படி மிக மோசமான வாழ்க்கை; இப்போது எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்? ஒரு நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் மனித மேம்பாட்டுக் குறியீடு. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென் என்பவரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உருவாக்கி, 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக வெளியிட்டது. ஆயுள், படிப்பு, வருமானம் என்ற மூன்றே அளவைகள். வருமானத்தையும் வெறும் டாலராக மாற்றாமல், அந்தந்த நாட்டு விலைவாசியில் அந்தக் காசு எவ்வளவு வாங்கும் என்று சரிக்கட்டித்தான் எடுக்கிறார்கள். அதில் யாரிடமும் “எப்படி இருக்கீங்க?” என்ற கேள்வியே கிடையாது.

எங்கள் கேள்வித்தாளில் இரண்டு வகையும் இருந்தன. முதலில் ஏணிக் கேள்வி. அதன்பின், ஒரு வீட்டில் என்னென்ன இல்லை என்று பார்க்கும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின் பத்து அளவைகள்: ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பள்ளி ஆண்டுகள், பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமை.

முதல் எட்டு நாள்

ஜனவரி மாதம். காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் மிளகு தொடங்கும் நேரம். நால்வர் குழு, அதில் இரண்டு பெண்கள் மலையிலேயே பிறந்து சேலத்தில் பட்டம் படித்தவர்கள். தினமும் காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், ஆட்கள் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை காத்திருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் பேட்டி எடுத்தோம். பேட்டியாளர்களிடம் ஒரு வழக்கம் வைத்திருந்தேன்: கையில் கொண்டுபோகும் டேப்லெட்டில் (டேப்) எண்ணைப் பதிவதோடு நிறுத்தாமல், அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் அவர்கள் சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே நோட்டில் எழுதிவிட வேண்டும். பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுகள்தான்.

எட்டாம் நாள் இரவு எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது இரண்டு இடத்தில் குவியல் தெரிந்தது. பெரிய குவியல் ஐந்தில். சின்னது பத்தில். நடுவில் கிடப்பது சொற்பம்.

பத்து சொன்னவர்களின் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே வரி: “நல்லாத்தான் இருக்கோம், பத்துன்னே போட்டுக்குங்க.” வீடு தேடி வந்தவரிடம் நம் மக்கள் குறை சொல்லமாட்டார்கள். “நல்லா இருக்கீங்களா?” என்பதற்கு “நல்லா இருக்கோம்” என்பது மரியாதைப் பதில். ஏணிக் கேள்வியும் அந்த மரியாதைக்குள் போய் விழுந்துவிட்டது.

குறைத்துச் சொன்னவர்களுக்கு வேறு காரணம் இருந்தது. டேபைப் பார்த்ததுமே பல வீட்டில் கேட்ட கேள்வி, “இது உரிமைத் தொகைக்குங்களா?” 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தில் விடுபட்ட பெண்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். வசதியாக இருப்பதாகச் சொன்னால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும் என்ற பயம் நியாயமானது. நாங்கள் அரசாங்க ஆட்கள் இல்லை என்று சொன்னோம். ஆனால் கேள்வி கேட்டு முடித்த பிறகு சொன்னோம். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டு. ஒன்றில் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். சிமென்ட் வீடு, மாதாமாதம் ஓய்வூதியம், சேலத்தில் வேலையில் இருக்கும் மகன். அவர் சொன்னது மூன்று. அடுத்த வீட்டில் கணவனை இழந்த அம்மா. காலில் பல மாதமாக ஆறாத புண், ஓடு சரிந்த கூரை. அவர் சொன்னது எட்டு. காரணம் கேட்டால், “கஞ்சி இருக்குது, யாருக்கும் பாரமில்ல. இன்னும் என்னங்க வேணும்?” என்கிறார்.

அமர்த்தியா சென் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டிய ஒரு செய்தி உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே எடுத்த உடல்நலக் கணக்கில், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். அந்தப் பெண்கள் நலமாக இருந்தார்கள் என்று யாராவது நம்ப முடியுமா? வகுப்பில் இதைப் பல வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

எரிபொருள் கேள்வியிலும் ஓட்டை இருந்தது. “வீட்ல கேஸ் இருக்குதுங்களா?” என்று எங்கள் ஆட்கள் சுருக்கிக் கேட்டுவிட்டார்கள். “இருக்குது.” ஒரு வீட்டில் உள்ளே போய்ப் பார்த்தால் சிலிண்டர் மேல் துணி போர்த்தி, அதன்மேல் பிள்ளையின் பள்ளிப் பை. அடுப்பில் எரிவது விறகு. சிலிண்டர் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தோளில் தூக்கி வர ஆள் வேண்டும். குறியீடு கேட்பது எதில் சமைக்கிறீர்கள் என்று. நாங்கள் கேட்டது இருக்கிறதா என்று.

ஏணி

ஒன்பதாம் நாள் நானே ஒரு பேட்டிக்கு உடன் போனேன். ஐம்பது வயதிருக்கும் அம்மா ஒருவர், கதிரிலிருந்து உதிர்த்த மிளகைத் தார்ப்பாயில் பரப்பிக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். பேட்டி எடுத்தவள் மலைப் பெண். கேள்வியைத் தெளிவாகத்தான் கேட்டாள். அந்த அம்மா பதில் சொல்லுமுன் திரும்பி, வீட்டோரம் சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தார்.

மிளகு பறிக்கும் ஏணியைச் சமவெளிக்காரர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு கால் வைத்துக் குறுக்குச் சட்டம் அடித்த ஏணி அல்ல. ஒத்தை மூங்கில். கணுவில் கிளைத்த கொம்புகளை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்பார்கள். அந்த முட்டுதான் படி. ஒரு நேரத்தில் ஒரு பாதம்தான் பதியும். மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டு ஏறுவார்கள். மேலே போகப் போக மூங்கில் மெலிந்து ஆடும்.

“அஞ்சுல நிக்கிறேன் கண்ணு. அதுக்கு மேல எதுக்கு? உச்சியில இருந்துதான் எங்க கொழுந்தனார் போன வருசம் விழுந்தாரு. இன்னும் இடுப்பு நேராகல” என்றார்.

டேபில் 5 ஏறியது. நான் ஏணியை விட்டுவிட்டு, “வாழ்க்கை எப்படிங்கம்மா போகுது?” என்று கேட்டேன். முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசினார். மகன் ஐ.டி.ஐ. முடித்தது, இந்த வருடம் மிளகு கொடி நன்றாகப் பிடித்தது, பேத்திக்குக் காது குத்தப் போவது. அவர் சொன்ன ஐந்து, மூங்கிலைப் பற்றிய ஐந்து.

அன்று இரவு நோட்டுகளை மறுபடி படித்தோம். ஐந்து சொன்ன பலருடைய வரிகளில் “நடுவுல நின்னாப் போதும்”, “ஆசப்பட்டு மேல ஏறக்கூடாது”, “கண்ணு பட்டுடும்” என்று இருந்தது. முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டிய வரிகள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பத்தாம் நாள் களப்பணியை நிறுத்தினேன். கோஸ்டா ரிகா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. கேள்வியின் ஒரு சொல்லை மாற்றினாலும் ஒப்பீடு உடைந்துபோகும், உலகம் முழுக்க இதே ஏணியைத்தான் கேட்கிறார்கள் என்றார்கள். அது சரியான வாதம்; இன்றும் அதை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு ஊரும் தன் வசதிக்குக் கேள்வியை மாற்றினால் ஒப்பீடே இருக்காது. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் கேள்வி ஒன்றாகிவிடாது என்பது என் பதில். அங்கே ஏணி என்றால் முன்னேற்றம். இங்கே விழுந்தவரின் இடுப்பு. ஏணிப் படம் பிரிட்டனில்கூட ஆட்களின் மனதைப் பணம், அதிகாரம் பக்கமாகத் திருப்புகிறது என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது. அதை அனுப்பி வைத்தேன்.

நான்கு நாள் எழுத்துப் போக்குவரத்துக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஏணிக் கேள்வியைத் தூக்கவில்லை. அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் முதலிலேயே கேட்பது, பிறகு வேறு இரண்டு முறையில் அதே விஷயத்தைக் கேட்பது. தூக்கிவிட்டால் மற்ற நாடுகளோடு இருந்த ஒரே பாலமும் போய்விடும். அப்படியே விட்டு அடிக்குறிப்பு மட்டும் போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது; அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை, எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதால் மறுத்தேன்.

முதல் புது முறை, கற்பனை ஆட்களை மதிப்பிடச் சொல்வது. 2004இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் கூட்டாளிகளும் காட்டிய வழி. அரசாங்கத்தில் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டால் மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். அதே கற்பனை மனிதர்களின் நிலையை இருவரிடமும் விவரித்து, இவருக்கு எவ்வளவு மதிப்பு போடுவீர்கள் என்று கேட்டபோது, இரு நாட்டாரின் அளவுகோலே வேறு என்று தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் வரிசை தலைகீழானது. நாங்களும் இரு தரப்பும் சேர்ந்து மூன்று ஆட்களை எழுதினோம். ஒருத்தி காப்பி பறிக்கிறவள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், கையில் கடன். இன்னொருவருக்குச் சொந்த நிலம் உண்டு, ஆனால் தீராத நோய். மூன்றாமவருக்கு எல்லாம் உண்டு, பேச ஆளில்லை. பெயர்களை மட்டும் அந்தந்த நாட்டுக்கு ஏற்ப வைத்தோம்.

இரண்டாவது, காப்பிக்கொட்டை. ஒரு முறத்தில் பத்துக் கொட்டை. உங்கள் வாழ்க்கை எவ்வளவு நிறைவோ அவ்வளவு கொட்டையை இந்தப் பக்கம் நகர்த்துங்கள் என்போம். இதை மலைப் பெண்கள் இருவரும்தான் சொன்னார்கள். குறையே இல்லாத முறை என்று சொல்லமாட்டேன். ஒரு பெரியவர் முதல் வேலையாகக் கருத்த கொட்டை இரண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியைத்தான் எண்ணத் தொடங்கினார். ஆனால் கை நகரும்போது வாய் பேசியது. காலில் புண் இருந்த அந்த அம்மா எட்டுக் கொட்டையை நகர்த்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ராத்திரி தூக்கமில்ல” என்று ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தார். “மழை வந்தா மூலையில ஒதுங்கணும்.” இன்னொன்று. கடைசியில் இந்தப் பக்கம் நின்றது நான்கு. அதற்குமேல் அவரை நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் குழுவின் வண்டியில் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஆய்வு முறைப்படி அது குறுக்கீடுதான். தெரிந்தேதான் செய்தோம்.

இவற்றோடு சின்னத் திருத்தங்கள்: நாங்கள் யார், எதற்காக வரவில்லை என்பதை வாசலிலேயே சொல்வது, பெண்களிடம் பெண்களே, முடிந்தால் தனியாகக் கேட்பது, “இருக்கா” என்ற கேள்விகளை எல்லாம் “நேத்து எதுல சமைச்சீங்க” என்பதுபோல் மாற்றுவது. முதல் ஒன்பது நாள் பதிவுகளை அழிக்காமல் தனியே ஒதுக்கி வைத்தோம்.

பிறகு நடந்தவை

மீதி வேலை ஐந்து வாரத்தில் முடிந்தது. ஏணியில் ஐந்து சொன்னவர்கள் கொட்டையில் மேலும் கீழுமாகப் பிரிந்தார்கள். பத்து சொன்னவர்களில் பலர் இறங்கினார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் மட்டும் மூன்றிலேயே நின்றார். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வறுமைக் குறியீட்டின் பத்துக் கட்டங்களில் எதிலும் அது வராது. எண்ணைத் திருத்த வேண்டியவர் என்று நான் முதலில் நினைத்த ஆள் அவர். அவர் சொன்னதே சரி.

கோஸ்டா ரிகாவிலும் இதே போன்ற ஒன்று வெளிப்பட்டது. அங்கே நலம் விசாரித்தால் “பூரா வீடா” என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தூய வாழ்க்கை என்று வரும். நம் “நல்லா இருக்கோம்” போலவே வாயில் தானாக வருவது. எங்கள் நோட்டு வழக்கத்தை அவர்களும் எடுத்துக்கொண்ட பிறகு, உயர்ந்த எண்களுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் அடிக்கடி நின்றதை அவர்களே எழுதியனுப்பினார்கள். இரண்டு மலையின் சராசரியையும் பக்கத்தில் வைத்து யார் மேலே என்று காட்டும் அட்டவணை கூட்டறிக்கையின் வரைவில் இருந்தது. இரு தரப்பும் ஒப்பி அதை எடுத்துவிட்டோம்.

கிட்டத்தட்டத் தவறவிட்ட பெரிய பிழை வேறொன்று. முடிவுகளை ஊரில் படித்துக் காட்டக் கூட்டம் போட்டோம். மிளகு அம்மா எழுந்து கேட்டார்: “அந்த ஊர்ல காப்பிப் பழம் பறிக்கிறவங்களுக்குக் கூலி எவ்வளவுங்க?” எங்களிடம் பதில் இல்லை. எழுதிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அங்கே பறிப்புக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி நிகராகுவாவிலிருந்து வரும் கூலியாட்களும், பனாமா எல்லைப் பக்கத்துப் பழங்குடியினரும். பருவம் முடிந்ததும் போய்விடுவார்கள். எங்கள் கூட்டாளிகள் ஊரில் நிரந்தரமாக வசிக்கும் வீடுகளைத்தான் எடுத்திருந்தார்கள். அவர்களில் பலர் சிறு தோட்ட உடைமையாளர்கள். ஆக, நாங்கள் ஒப்பிட்டது அங்கே தோட்டம் வைத்திருப்பவரையும் இங்கே அந்தப் பழத்தைப் பறிப்பவரையும். எங்கள் பட்டியலையும் திருப்பிப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பான லயன் வீடுகளில் தங்கியிருந்த வட மாநிலத் தொழிலாளர்களில் ஒருவர்கூட அதில் இல்லை.

அடுத்த முறை மாற்றப் போவது

பட்டியல் எடுப்பதற்கு முன், அந்த மலையில் அந்தப் பருவத்தில் யார் யார் தூங்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவேன்; வாக்காளர் பட்டியலையோ ரேஷன் அட்டையையோ நம்பமாட்டேன். மொழிபெயர்ப்பைச் சேலத்து மேசையில் முடிக்காமல் பத்து வீட்டில் சொல்லிக் காட்டி, “நான் என்ன கேட்டேன்னு நீங்க சொல்லுங்க” என்று கேட்ட பிறகுதான் உறுதி செய்வேன். முதல் ஒன்பது நாள் இதற்கு ஆகியிருந்தால் போதும். கேள்வித்தாளின் ஒரு பக்கத்தை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு விட்டுவைப்பேன்.

கூலி பற்றிய பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த ஜனவரியில் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே நாள் கூலி இல்லை, காஹுவேலா என்று சுமார் இருபது லிட்டர் பிடிக்கும் கூடையளவுக்கு இவ்வளவு என்று கணக்கு, ஒரு கூடைக்குக் குறைந்தது என்ன தர வேண்டும் என்பதை அரசாங்கமே அறிவிக்கிறது என்று சொல்லி, நம் பணத்தில் எவ்வளவு வரும் என்பதையும் சொன்னேன். தார்ப்பாய் மிளகைத் துழாவிக்கொண்டே விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு கேட்டார்:

“அங்க அரிசி கிலோ எவ்வளவுங்க?”

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.